பஞ்சர் கடைக்குப் போன நான்கு எண்கள்

புதிதாக டெலிவரிக்கு வந்திருக்கிற தம்பிகளுக்கு நாலு விஷயம் எழுதிக் கொடுங்கள் என்று ஏஜென்சியில் கேட்டார்கள். நாலு விஷயம் என்னிடம் இல்லை. ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

சிலிண்டரை எப்படி உருட்டுவது, மாடிப்படியில் எப்படித் தோளில் ஏற்றுவது, வாஷரை எப்படிப் பார்ப்பது, இதெல்லாம் எழுத மாட்டேன். ஒரு மாதத்தில் உங்கள் தோளும் முதுகுமே சொல்லிக் கொடுத்துவிடும்.

இராஜபாளையத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகக் கேஸ் போட்டேன். முக்கால்வாசிக் காலம் வேலை எளிது. நல்ல மூச்சும் நல்ல இடுப்பும் போதும். கதவைத் தட்டுவோம். திறந்தவரிடம் சிலிண்டரைக் கொடுப்போம். புத்தகத்தில் பதிவோம். அடுத்த வீடு.

பிறகு டெலிவரிக் கோடு என்று ஒன்று வந்தது. ஏஜென்சியில் பதிந்திருக்கிற போனுக்கு நான்கு எண் வரும். அதை அவர்கள் நம்மிடம் சொல்ல வேண்டும். நம் போனில் அதைப் போட்டால்தான் சிலிண்டர் கொடுத்ததாக ஆகும். இல்லாவிட்டால் சிலிண்டர் குடோனுக்குத் திரும்ப வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஒரு வீட்டுச் சிலிண்டர் இன்னொரு வீட்டுக்குப் போகாது. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தெருவில் இறங்கினால் வேறு மாதிரி இருக்கும். அடுப்பு ஒருத்தி கையில் இருக்கும். போன் ஒருத்தன் பையில் இருக்கும். அவன் மில்லில் ஷிஃப்டில் இருப்பான். மில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அல்லது திருப்பூரில் இருப்பான். அல்லது பேசாமல் இருப்பான், வீட்டில் சண்டை. கதவைத் திறந்து நிற்கிறவளிடம் நாம் கோடு கேட்போம். அவள் நம்மைப் பார்ப்பாள். நாம் அவளைப் பார்ப்போம். சிலிண்டர் நம் இருவரையும் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்கும்.

அந்தப் புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு டீச்சர் வீடு. காலையிலேயே போன் செய்து கோடைச் சொல்லிவிட்டார். “அண்ணாச்சி, நான் பள்ளிக்கூடத்துல இருப்பேன். சாயங்காலம் வந்து எறக்கிருங்க.” சரி என்றேன். மத்தியானம் வேறு தெருவில் ஒரு வீடு. கோடு வரவில்லை. அந்த அம்மா தெருவே கேட்கக் கத்துகிறார். டீச்சர் சொன்ன கோடு என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டேன். டீச்சருக்கு வைத்திருந்த சிலிண்டரை இங்கே இறக்கினேன். இந்த வீட்டுக் கோடு சாயங்காலத்துக்குள் வந்துவிடும், இவர்களுடைய சிலிண்டரை டீச்சருக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு.

வரவில்லை. மூன்று நாள் வரவில்லை. டீச்சர் வீட்டில் விருந்தாளிகள். அடுப்பு இல்லை. ஏஜென்சியில் கேட்டால் உங்கள் சிலிண்டர் கொடுத்தாயிற்று என்கிறார்கள். நான் போய் நின்றேன். அவர் திட்டவில்லை.

“நீங்க கேட்டீங்கன்னுதான நம்பரைச் சொன்னேன்” என்றார்.

அவ்வளவுதான். நான் வாங்கிய ஏச்சில் அதுதான் பெரியது. அன்றிலிருந்து ஒரு வீட்டுக் கோடை இன்னொரு வீட்டுக்கு நான் போட்டதில்லை.

இன்னொரு தப்பும் இருக்கிறது. அது நம் எல்லாருக்கும் உண்டு. கோடு கிடைக்காவிட்டால் நம் போனில் காரணம் கேட்கும். அதில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று ஒன்று வரும். அதைத் தட்டினால் வேலை முடிந்தது. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நானும் தட்டியிருக்கிறேன். ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்காரும் பிள்ளை ஒருநாள் என்னைக் கூப்பிட்டது. என் மகளைவிட வயது குறைவு.

“அண்ணாச்சி, இந்த மாசம் உங்க லைன்ல பதினோரு வீடு பூட்டியிருக்கு. எல்லாரும் கூட்டமா எங்க போயிருக்காக? கொடைக்கானலா?”

நான் தலையைச் சொறிந்தேன்.

“அவிய வீட்டுலதான் இருக்காக. நீங்க பூட்டுனு தட்டிட்டா, அப்படி ஒரு ஆள் இருக்கிறதே இங்க எனக்குத் தெரியாமப் போயிரும்.”

அந்தப் பிள்ளைதான் எனக்கு அந்தப் போனைப் பழக்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு நான் பூட்டு தட்டவில்லை. பூட்டிய வீட்டுக்குத் தவிர.

இனி முத்துமாரி வீட்டு விஷயம்.

முத்துமாரி பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவள். காம்பவுண்டு வீட்டில் மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்படி. புருஷன் கருப்பசாமி மில்லில் இருந்தான். இரண்டு வருடம் முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டான். இரண்டு பெண்கள். பெரியவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தது. சின்னவள் எட்டாம் வகுப்பு.

கேஸ் கனெக்‌ஷன் கருப்பசாமி பெயரில். போன் நம்பரும் அவனுடையது. அவன் போன பிறகு அந்த போனுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. அது அப்படியே பெட்டிக்குள் கிடந்தது. கொஞ்ச நாளில் போன் கம்பெனி அந்த நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. முத்துமாரிக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் கீழே தரைவீட்டில் இருக்கிற அம்மா போனில் இருந்து சிலிண்டர் புக் செய்வாள். கோடு மட்டும் கருப்பசாமி நம்பருக்குப் போகும்.

பெயரை மாற்ற வேண்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு தடவை லீவு போட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போனாள். ஒரு தடவை சர்வர் இல்லை. இன்னொரு தடவை, போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லு என்றார்கள். எந்த போனுக்கு? கருப்பசாமி போனுக்கு. திரும்பி வந்துவிட்டாள். மூன்றாம் தடவை லீவு கேட்டால் வேலையே இருக்காது.

முதல் தடவை அந்த நம்பருக்கு நான்தான் பேசினேன்.

“கேஸ் ஏஜென்சில இருந்து பேசுறேன். உங்க போனுக்கு ஒரு நாலு நம்பர் வந்திருக்கும்…”

“வைடா போனை! காலைல ஒருத்தன் பேங்க்ல இருந்து பேசுறான். இப்ப நீ கேஸ்ல இருந்து பேசுறியாக்கும்? எங்கிட்ட என்னடா இருக்கு? நாலு பழைய டயர் இருக்கு, வந்து தூக்கிட்டுப் போ!”

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். மறுபடி ஏச்சு. நான்காம் தடவைதான் முழுக்கக் கேட்டார். பிறகு நான்கு எண்ணையும் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் இதேதான். நான் பேசுவேன். அவர் கொஞ்சம் முனகுவார். பிறகு சொல்வார். அவர் பெயர் அந்தோணி என்பது மட்டும் தெரியும். முத்துமாரி வீட்டை எப்போதும் லோடில் கடைசியாக வைப்பேன். அந்தோணியிடம் மல்லுக்கட்ட நேரம் வேண்டும்.

அன்று சனிக்கிழமை. மூன்றரை மணிக்கு லோடு ஆட்டோ காம்பவுண்டு வாசலில் நின்றது. முத்துமாரி படியில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சாக்குத் தேங்காய். ஒரு கூடை எலுமிச்சை.

“என்ன தாயி, கடை போடுறியா?”

“மக வளைகாப்புண்ணே, நாளைக்கு. விடியவும் அடுப்பப் பத்த வைக்கணும். ஒம்பது மணிக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல சோறு போய் எறங்கணும்.”

இந்தப் பக்கம் ஏழாம் மாதத்தில் பெண்ணைப் பெற்றவள் ஐந்து வகைச் சோறு ஆக்கிச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். அந்தச் சோற்றைச் சாப்பிட்ட பிறகுதான் பெண்ணை அழைத்து வரலாம். முத்துமாரி புருஷன் இல்லாதவள். வளையல் போடும்போது அவளை முன்னால் நிற்க விடமாட்டார்கள். அதை அவளே சொன்னாள்.

“வளையல யாரும் போடட்டும்ண்ணே. சோறு என் சோறு.”

முந்தின நாள்தான் அவள் சிலிண்டர் தீர்ந்திருந்தது. தரைவீட்டு அம்மாவிடம் ஒரே சிலிண்டர், அதுவும் தீரப் போகிற நிலை. எதிர் வீட்டில் நிஜமாகவே ஊருக்குப் போயிருந்தார்கள். விறகு வைத்தால் வீட்டு ஓனர் சாமானைத் தெருவில் போடுவார். சோற்றைக் கடையில் வாங்கலாம் என்று லோடு ஆட்டோ டிரைவர் சொன்னான். முத்துமாரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

நான் அந்தோணிக்குப் போன் போட்டேன்.

“இன்னைக்குச் சொல்ல மாட்டேன்” என்றார் எடுத்தவுடன்.

“ஏண்ணே?”

“நேத்துக் கடைத்தெருவுல போலீஸ்காரக கூட்டம் போட்டுச் சொன்னாக. எவன் கேட்டாலும் நம்பரைச் சொல்லக் கூடாது. கேஸ்னு கேப்பான், கரண்டுனு கேப்பான், சொல்லாதன்னாக. நான் இத்தன நாளாச் சொல்லிருக்கேன். இனிமே முடியாது.”

“நான் நிஜக் கேஸ்காரன்ணே.”

“களவாணியும் அப்படித்தான சொல்லுவான்?”

அவர் சொல்வது சரி.

“இங்க ஒரு வளைகாப்புண்ணே” என்றேன்.

“நேர்ல வா. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குப் போற ரோட்டுல பஞ்சர் கடை. மொகத்தப் பாத்துட்டுச் சொல்லுறேன்.” வைத்துவிட்டார். பிறகு எத்தனை தடவை போட்டும் எடுக்கவில்லை.

மணி நாலாகப் போகிறது. ஆறு மணிக்கு ஆபீஸில் அன்றைய பதிவை மூடிவிடுவார்கள். மறுநாள் ஞாயிறு.

டிரைவர் என்னைத் தள்ளிக்கொண்டு போனான். மாப்ள முறை. வேலையில் கெட்டிக்காரன். குறுக்கு வழியிலும் கெட்டிக்காரன்.

“மாமா, மொத தெரு மளிகைக்கடைக்காரர் ராவுக்குள்ள எறக்குனாப் போதும்னு கோடைச் சொல்லிருக்காருல்ல? அதப் போட்டு இங்க எறக்கிருவோம். அவருக்குத் திங்கக்கிழம பாத்துக்கிடலாம்.”

“வேணாம்.”

“அப்ப பூட்டுனு தட்டிட்டுக் கிளம்பு.”

“அவ முன்னாடி படில உக்காந்திருக்கா.”

“பொறவு என்னதான் செய்யச் சொல்லுற?”

நான் யோசித்தேன். ரொம்ப நேரம் இல்லை. மளிகைக்கடைக்காரர் என்னை நம்பிச் சொன்ன எண். அதைத் தொட முடியாது. முத்துமாரி சிலிண்டர் வண்டியில் இருக்கிறது. கோடு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு சட்டைப் பையில் இருக்கிறது. கோடு இங்கே வராது. நான்தான் அங்கே போக வேண்டும்.

“வண்டி இங்கயே நிக்கட்டும்” என்றேன். “நான் சொல்லாம சிலிண்டர எறக்காத.”

முத்துமாரியிடம் கேஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். தரைவீட்டு அம்மா போன் நம்பரைக் குறித்துக்கொண்டேன். அவள் கையில் தேங்காய் அப்படியே நின்றது.

“கிடைச்சிரும்லண்ணே?”

“நீ ஒரிச்சு முடி” என்றேன். வேறு என்ன சொல்வது?

பஸ் கிடைத்தது. உட்கார இடம் இல்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போனேன். ஒன்றும் தோன்றவில்லை. எனக்குப் பேச்சு வராது. சிலிண்டரைத் தூக்கத்தான் வரும்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வேப்பமரம், அதில் டயர் தொங்குகிறது, கீழே தண்ணீர்த் தொட்டி. என் வயதுக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு ட்யூபை முக்கிக்கொண்டிருந்தார். நான் நீலச் சட்டை, ஏஜென்சி பெயர் போட்டது. அவர் தலையைத் தூக்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“வந்துட்டீரா?”

“வந்துட்டேன்.”

“சட்டைய யாரு வேணும்னாலும் தைக்கலாம்.”

கேஸ் புத்தகத்தை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். கருப்பசாமி என்ற பெயரைத் தடவிப் பார்த்தார். அப்படியும் திருப்தி இல்லை.

“நான் மூணு கேள்வி கேப்பேன். சரியாச் சொன்னாத் தாரேன்.”

“கேளுங்க.”

“போன செவ்வாக்கிழம அந்த வீட்டுல சின்ன பிள்ள பள்ளிக்கூடம் போகல. ஏன்?”

நான் முழித்தேன். எனக்கு எப்படித் தெரியும்? இவருக்கு எப்படித் தெரியும்?

அவர் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துக் காட்டினார். பட்டன் போன். மூலை உடைந்து ரப்பர் சுற்றியிருந்தது. “பள்ளிக்கூடத்துல இருந்து எனக்குத்தான வருது. ‘உங்கள் மகள் இன்று வரவில்லை’ன்னு. எனக்கு மகளே கிடையாது. ரெண்டும் பயக. ரேஷன்ல என்ன வாங்குனாகன்னும் எனக்குத்தான் வருது. ஒரு வருசமா அந்த வீட்டு வரவு எல்லாம் என் பையிலதான் கிடக்கு.”

தரைவீட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்த அம்மா முத்துமாரியைக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

“தாயி, சின்னவ போன செவ்வாக்கிழம பள்ளிக்கூடம் போகலையா?”

“ஆமா. உங்களுக்கு யாரு சொன்னா? மொத நாள் மழைல யூனிஃபார்ம் காயலண்ணே. ஒண்ணுதான வச்சிருக்கா.”

அந்தோணி மூச்சு விட்டார். “அம்புட்டுத்தானா? நான் காய்ச்சலோன்னு நெனச்சேன். அன்னைக்குப் பூரா அதே நெனப்பு. மறுநா மெசேஜு வரலன்னதுந்தான் நிம்மதி.”

“யாருண்ணே பக்கத்துல?” என்றாள் முத்துமாரி.

“நம்பர்காரரு.”

“ரெண்டாவது கேள்வி” என்றார் அந்தோணி. இப்போது போனைப் பார்த்தே பேசினார். “ஏம்மா, இந்த மாசம் அரிசி வாங்கிருக்க, பருப்பு வாங்கிருக்க. சீனி ஏன் வாங்கல?”

“வாங்கலையா? வாங்குனேனே! நாளைக்குப் பொங்கலுக்கு அதத்தான வச்சிருக்கேன்.”

“எனக்கு வரலயே.”

“அது எங்க ரேஷன் கார்டுல இல்லண்ணே. தரைவீட்டு அக்கா அவக கார்டுல வாங்கிக் குடுத்தாக.”

“சரியாத்தான் இருக்கு” என்றார். ரொம்பக் கறாராகத் தலையை ஆட்டினார். பேங்க் ஆபீஸர் கூட அப்படி ஆட்ட மாட்டார்.

“மூணாவது?” என்றேன். மணி ஐந்தேகால்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “மூணாவது வேணாம். களவாணிப் பய எவனும் இம்புட்டுப் பொறுமையா நிக்க மாட்டான்.”

போனைத் திருப்பிக் கோடைத் தேடினார். தேடினார். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார்.

“இன்னைக்குக் கோடே வரலயே.”

அனுப்பியது எனக்குத் தெரியும். மத்தியானம் லோடு ஏற்றும்போதே எல்லா வீட்டுக்கும் போயிருக்கும். ஆபீஸ் பிள்ளைக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“என்ன போனு அண்ணாச்சி?”

“பட்டன் போனு.”

“மெசேஜ் நெறஞ்சிருக்கும். பழச அழிக்கச் சொல்லுங்க. நான் இன்னொரு தடவ அனுப்புறேன். ஆறு மணி அண்ணாச்சி. அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது.”

அந்தோணியிடம் சொன்னேன். அவர் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“அதெப்படி அழிக்கிறது? அடுத்த வீட்டுக்கு வந்தது. தபால்காரன் மாத்திப் போட்ட கடுதாசியக் கிழிச்சா போடுவோம்? என்னிக்காவது யாராவது வந்து கேப்பாகன்னுதான் ஒண்ணக்கூட அழிக்கல.”

தம்பிகளா, நான் அவசரப்பட்டுப் போனைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு நிமிடத்து வேலை. ஆனால் அந்த ஆள் ஒரு வருடமாக, கேட்காத வேலையை, சம்பளமில்லாமல் பார்த்திருக்கிறார். அவரிடம் பிடுங்கக் கூடாது.

“எனக்கு வாசிச்சுக் காட்டுங்க” என்றேன். “அவளுக்கு வேண்டியத நான் எழுதிக்கிடுதேன். பொறவு அழிங்க. கடுதாசி சேந்துரும்ல?”

அது அவருக்குச் சரியாகப் பட்டது.

இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். நான் கேஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதினேன். ரேஷன் கடை லீவு நாள். வேண்டாம், அழி. பருவத் தேர்வு மதிப்பெண். அதை எழுதிக்கொண்டேன். கணக்கில் எழுபத்தெட்டு. “நல்ல பிள்ள” என்றார் அந்தோணி. இங்கிலீஷ் எழுத்தில் வந்ததை மட்டும்தான் வாசிக்க முடிந்தது; தமிழ் எழுத்தில் வந்ததெல்லாம் அந்தப் போனில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டோம். பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று பார்த்தார். “செத்த நேரம் பொறும்யா, கடுதாசி வாசிச்சுக்கிட்டிருக்கோம்” என்று அந்தோணி அவரை அதட்டினார்.

உதவித்தொகைக்கு பேங்க் புத்தக நகல் கொண்டு வர வேண்டும் என்று ஒன்று இருந்தது. கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அதை எழுதி அடியில் இரண்டு தடவை கிழித்துக் காட்டினேன்.

பதினைந்து அழித்திருப்போம். போன் கத்தியது. ஒரு தடவை இல்லை. வரிசையாக. வாசலில் காத்து நின்றதெல்லாம் உள்ளே வந்தது போல. கடைசியாக வந்தது கோடு. அவர் வாசித்தார். நான் என் போனில் போட்டேன். பச்சையாக டிக் விழுந்தது. மணி ஐந்து ஐம்பது.

டிரைவருக்குப் போட்டேன்.

“எறக்கு மாப்ள.”

“அது எப்பயோ எறங்கிருச்சு. இப்ப மாடில அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு மாமா.”

“நான் சொல்லாம எறக்காதன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்ன. இந்த அம்மா தேங்கா ஒரிக்கிற வேகத்தப் பாத்தேன். நீ கோடு வாங்காம வரமாட்டன்னு தெரியும். ரெகுலேட்டர் மாட்டல. உக்காந்திருக்கேன். சத்தியமா மாட்டல.”

ஏசினேன். அது தப்பு. நீங்கள் செய்யாதீர்கள். ஆனால் சிரித்துக்கொண்டே ஏசினேன், அதையும் மறைக்கவில்லை.

மறுநாள் என்னையும் வளைகாப்புக்குக் கூப்பிட்டிருந்தாள். அந்தோணியையும் கூட்டி வரச் சொல்லியிருந்தாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து, ஒரு டஜன் வாழைப்பழத்தோடு வந்தார். வாசலில் சம்பந்தி அம்மா நின்றார். எடை போடுகிற கண்.

“இவிய யாரு?” என்று முத்துமாரியைக் கேட்டார்.

முத்துமாரி கொஞ்சம் யோசித்தாள். “எங்க வீட்டுக்காரர் நம்பர வச்சிருக்கவரு” என்றாள்.

சம்பந்தி அம்மாவுக்குப் புரியவில்லை. அந்தோணிக்கும் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. வாழைப்பழத்தை நீட்டினார். அந்தச் சின்னவள் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “கணக்குல எழுவத்தெட்டா?” என்றார். அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வளையல் போட்டார்கள். முத்துமாரி அடுப்படி வாசலில் நின்றாள். பிறகு இலை போட்டார்கள். அப்போது அவள் முன்னால் வந்தாள். தூக்குவாளிகளைத் திறந்து ஐந்து சோற்றையும் அவளே பரிமாறினாள். சம்பந்தி அம்மா புளிச்சோற்றில் ஒரு வாய் எடுத்தார். எல்லாரும் பார்க்காதது போலப் பார்த்தோம். இன்னொரு வாய் எடுத்தார். மூன்றாவது வாய்க்குப் பிறகு சொன்னார்.

“நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் வையி.”

முத்துமாரி வைத்தாள். கரண்டி நிறைய வைத்தாள்.

மகளை அழைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறியபோது மருமகன் ஒரு பட்டன் போனைக் கையில் கொடுத்தார். முத்துமாரிக்கென்றே வாங்கிய புது சிம். அந்தோணி திங்கள்கிழமை கடையை அரைநாள் மூடிவிட்டு எங்கள் ஏஜென்சிக்கு வந்தார். பழைய நம்பருக்கு ஒரு கோடு போகும், அதைச் சொன்னால்தான் நம்பரை மாற்ற முடியும். எதிரில் உட்கார்ந்து சொன்னார். கனெக்‌ஷனை அவள் பெயருக்கு மாற்ற இன்னும் சில காகிதம் தேவைப்பட்டது. ஆபீஸ் பிள்ளை என்னென்ன வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தது. கம்பெனியில் கெஞ்சி வாங்கிய ஒரே லீவில் முடிந்தது. பள்ளிக்கூடத்திலும் நம்பரை மாற்றினார்கள். உதவித்தொகைக் காகிதம் வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்தது.

தம்பிகளா, உங்கள் போனில் இப்போது இன்னும் நிறைய வந்திருக்கும். முகத்தைக் காட்டச் சொல்லும், கட்டை விரலை வைக்கச் சொல்லும். எல்லாம் பழகிவிடும். எனக்கே பழகிற்று. நான் சொல்வது ஒன்றுதான். கோடு சொல்லத் தெரியாமல் ஒருத்தி கதவில் நின்றால், அவளிடம் குறை தேடாதீர்கள். கோடு எங்கே போயிற்று என்று தேடுங்கள். அது யாராவது ஒருவர் பையில் இருக்கும். அவர் பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார். பயந்திருப்பார், அவ்வளவுதான். ஒருவர் கோடை இன்னொருவருக்குப் போடாதீர்கள். திறந்த வீட்டைப் பூட்டாதீர்கள்.

அடுத்த சிலிண்டர் போடப் போனேன். முத்துமாரி வீட்டில் இல்லை. தெருமுனைக் குழாயில் ஏழெட்டுப் பெண்களோடு வரிசையில் நின்றாள். நான் வண்டியில் இருந்தபடியே கேட்டேன்.

“தாயி, கோடு வந்துச்சா?”

குடத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் இருந்து போனை எடுத்தாள். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

“எட்டு!” என்றாள். தெருக்கோடி வரை கேட்டது. “ரெண்டு! பூச்சியம்!”

நான் பதறி இறங்கி ஓடினேன். “மெல்லச் சொல்லு தாயி. அத யாருக்கும் சொல்லக் கூடாதுல்ல.”

“யாருக்கும் சொல்லலண்ணே. உங்களுக்குத்தான சொல்றேன்” என்றாள். பிறகு வரிசையில் நின்ற பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசி எண்ணை இன்னும் சத்தமாகச் சொன்னாள்.